குப்பைமேனிய பூசுங்க, ஆனா குழந்தைக்கு புகட்டாதீங்க

போன மழைக்காலத்துல ஒரு அம்மா ஏழு வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. ஒன்னுக்கு கடுங்காப்பி கலர்ல போகுது, கண்ணு மஞ்சளா இருக்கு, காமாலைதான் கீழாநெல்லி குடுங்க டாக்டர்னாங்க. பேச்சுக் குடுத்துப் பாத்தா, ரெண்டு நாள் முன்னாடி நெஞ்சு சளி வாந்தில வந்துடும்னு பாட்டி குப்பைமேனிச் சாறு ஒரு சங்கு புகட்டிருக்காங்க. நான் மருந்தே குடுக்கல, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். ரத்த சிவப்பணு உடைஞ்சு ஹீமோகுளோபின் இறங்கியிருந்துச்சு, ரத்தம் ஏத்தினாங்க. சில மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்ததுல சிவப்பணுவ உடையாம காக்கிற ஜி6பிடிங்கிற என்சைம் குறைபாடுன்னு தெரிஞ்சுது. (அணு உடைஞ்ச உடனே இந்த டெஸ்ட் எடுத்தா சில சமயம் நார்மல்னு ஏமாத்தும், அதான் தள்ளி எடுக்கிறது.)

இதுல வேடிக்கை என்னன்னா, குப்பைமேனிக்கு இப்ப இருக்கிற பேரே ஆன்டிஆக்சிடன்ட், அதாவது ஆக்சிஜன் சேதத்தத் தடுக்கிற மூலிகை. பொய்யில்ல, இலைல ஃபிளேவனாய்டு நிறைய இருக்கு, டிபிபிஎச்னு ஊதா கலர் கெமிக்கல்ல இலைச் சாரத்தை விட்டா ஊதா வெளிறி மஞ்சளாகும், அதத்தான் ஆன்டிஆக்சிடன்ட்னு எழுதுறாங்க. ஆனா அது டெஸ்ட் டியூப். அந்தப் பையனோட சிவப்பணுவுக்கு ஆக்சிஜன் சேதத்தத் தாங்குற சக்தி பொறப்புலயே கம்மி, அவன் உடம்புல இதே செடி தலைகீழா வேலை பாத்துருச்சு. இலங்கையில குப்பைமேனி சேத்த இலைக்கஞ்சி குடிச்ச ஜி6பிடி குறைபாட்டுக்காரங்களுக்கு இப்படியே ரத்த அணு உடைஞ்சத 1990கள்லயே டாக்டர்கள் எழுதி வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்க பாதி பேருக்கு இது தெரியாது, சித்தா படிச்ச நானே லேட்டாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், சொல்றதுக்கு என்ன வெட்கம்.

குப்பைமேனி பாக்டீரியாவக் கொல்லும்ங்கிற விஷயமும் கிட்டத்தட்ட அதே கததான். லேப்ல கிருமி வளக்கிற அகார் தட்டுல இலைச் சாரம் வச்சா, புண்ணுல சீழ் வைக்கிற ஸ்டெஃபிலோகாக்கஸ் மாதிரி கிருமி சுத்தி வளராம நிக்கிறது உண்மை, ஈ.கோலை மாதிரி வெளில இன்னொரு சவ்வு போத்திக்கிட்ட கிருமிகிட்ட அவ்வளவா எடுபடறதில்ல. தட்டுல வைக்கிற அளவு சாரம் குடிச்சா ரத்தத்துல வந்து சேரும்னு நெனைக்காதீங்க. தோல்ல பூசுறது வேற, அங்க மருந்து நேரா கிருமி மேலயே உக்காருது. இலையோட மஞ்சளும் கல்லுப்பும் வச்சு அரைச்சு சொறி சிரங்குக்கு பூசச் சொல்லி நானே எழுதிக் குடுக்கிறேன், பொடிப்பொடியா சீழ் வச்ச புண்ணு காயறதப் பாத்திருக்கேன். ஆழமான புண்ணுல வேணாம், உப்பு எரிச்சு எடுத்துடும்.

அதே நேரம் ராத்திரில அரிப்பு, விரலிடுக்குல கொப்புளம், வீட்ல நாலு பேருக்கும் இருக்குன்னா அது ஸ்கேபீஸ். அது பாக்டீரியா இல்ல, தோலுக்குள்ள வளை தோண்டுற பூச்சி. குப்பைமேனி மேல வச்ச சீழக் கொறைக்கலாம், பூச்சி உள்ளயே இருக்கும், அதக் கொல்ற பெர்மெத்ரின் க்ரீம் வீட்ல எல்லாருமே ஒரே நாள்ல போடணும், போர்வை துணியெல்லாம் சுடுதண்ணில அலசணும்.

பறிக்கிற எடத்தையும் பாருங்க, பேருக்கேத்த மாதிரி சாக்கடை ஓரம்தான் அது செழிப்பா நிக்கும், பத்தாததுக்கு வேர் வாசனைக்கு தெருப் பூனையெல்லாம் வந்து உருளும், அதனாலதான் பூனைவணங்கின்னும் ஒரு பேரு. தொட்டில ரெண்டு செடி வச்சா போதும், தானா விதை கொட்டி மொளைக்கும்.

அந்தப் பையன் இப்ப நல்லா இருக்கான். அந்தக் குறைபாடு பொதுவா அம்மா வழிலதான் பையன்களுக்கு வருது, அதனால அவனோட தம்பிக்கும் டெஸ்ட் எழுதிக் குடுத்திருக்கேன். துணிக்கு நடுவுல வைக்கிற நாப்தலின் உருண்டையையும் வீட்லேர்ந்து தூக்கிப் போடச் சொல்லிட்டேன், அதுவும் இவங்களுக்கு ஆகாது.