அஜெண்டா: நிகழ்ச்சி நிரலா, கூட்டப்பொருளா?

‘செய்’, ‘நடத்து’ எனப் பொருள்படும் ‘அகெரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் ‘அஜெண்டா’. ‘அகெண்டும்’ என்றால் செய்யப்பட வேண்டிய ஒன்று; ‘அகெண்டா’ அதன் பன்மை. கிறித்தவ இறையியலில் நம்ப வேண்டியவற்றைக் ‘கிரெடெண்டா’ என்றும், செய்ய வேண்டியவற்றை ‘அகெண்டா’ என்றும் பிரித்தார்கள். கூட்டங்களுக்குள் வந்தபின் அந்தப் பன்மைச் சொல், பேச வேண்டியவற்றின் முழுப் பட்டியலையும் குறிக்கும் ஒருமையாகிவிட்டது. “அவருக்கு வேற அஜெண்டா இருக்கு” என்கிறோமே, அங்கே பொருள் உள்நோக்கம்.

தமிழில் ‘நிகழ்ச்சி நிரல்’ வேரூன்றிவிட்டது. நிரல் என்றால் வரிசை. வரவேற்புரையில் தொடங்கி நன்றியுரையில் முடியும் விழாவுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். முடிவெடுக்கும் குழு எடுத்துப் பேசும் ஒவ்வொரு விஷயத்தையுமோ ‘கூட்டப்பொருள்’ என்பதே சரி. பட்டியலைப் ‘பொருள் நிரல்’ எனலாம். அங்கே நிகழ்ச்சி எதுவும் நடப்பதில்லை, பொருள்மீது தீர்மானம்தான் வருகிறது.

கல்லூரி நிர்வாகத்தில் மாணவர் குரல் எடுபடாமல் போவது பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான். கோரிக்கை மனுவை முதல்வரிடம் நேரில் கொடுத்துவிட்டு வந்தால் அது கோப்பில் தங்கிவிடும். கூட்டப்பொருளாக எண் பெற்றால்தான் குழு அதற்கு ஏதேனும் பதில் எழுதியாக வேண்டும்.

முதலில் எந்தக் குழு என்று பாருங்கள். விடுதிக் கட்டணம் நிதிக்குழுவுக்கும், தேர்வு விதி கல்விக்குழுவுக்கும் போகும். இடம் மாறினால் ஒரு கூட்டம் வீண். பொருளை யார் முன்மொழியலாம், எத்தனை நாள் முன்னதாகத் தர வேண்டும் என்பது நிறுவனத்தின் துணைவிதிகளில் இருக்கும். மாணவருக்கு அந்த உரிமை இல்லையென்றால், உரிமையுள்ள உறுப்பினர் ஒருவரின் பெயரில் கொடுங்கள். குழுச் செயலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

குறிப்பு ஒரு பக்கம் போதும்: தலைப்பு, பின்னணி, செலவு, இணைப்புகள், கடைசியாக வரைவுத் தீர்மானம். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். ‘நூலக நேரத்தை நீட்டிக்க வேண்டும்’ என்று எழுதினால் ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வரும். ‘தேர்வுக்கு முந்தைய 4 வாரங்கள் நூலகம் இரவு 10 மணி வரை திறந்திருக்க வேண்டும், கூடுதல் பணியாளருக்கு நூலகர் ஏற்பாடு செய்ய வேண்டும், செலவை நூலக நிதியிலிருந்து ஈடுசெய்யலாம்’ என்று எழுதினால் ஆம், இல்லை, திருத்தம் என்று குழு ஏதாவது சொல்லியே தீர வேண்டும்.

‘தலைவரின் அனுமதியோடு இதர பொருள்கள்’ என்ற கடைசி வரியை நம்பாதீர்கள். அதற்கு யாரும் தயாராக வருவதில்லை. நேரமும் அப்போது தீர்ந்திருக்கும்.

பொருள் எதற்காக வைக்கப்படுகிறது என்பதையும் செயலரிடம் கேட்டு, தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்: முடிவுக்கா, கலந்தாய்வுக்கா, தகவலுக்கா? தகவலுக்கு என்று போட்டுவிட்டால் தீர்மானம் வராது.

கூட்டம் முடிந்ததும் அதன் முடிவுகளைப் பதிவுசெய்யும் நடவடிக்கைக் குறிப்பைக் (மினிட்ஸ்) கேட்டுப் படியுங்கள். ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்றிருந்தால் அடுத்த நிரலில் அது தானாக வருகிறதா என்று செயலரிடம் எழுத்தில் கேளுங்கள். ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்றிருந்தால் குழு எதையும் முடிவு செய்யவில்லை. வரைவுத் தீர்மானத்தோடு, ‘முடிவுக்கு’ என்று குறிப்பிட்டு, அடுத்த கூட்டத்தின் கெடுவுக்குள் மறுபடி கொடுக்க வேண்டும்.