நில அதிர்வு ஆய்வு: ஒப்பந்தம் தருவதற்கு முன்

சென்னையில் நில அதிர்வு ஆய்வு என்றதும் சிலர் பூகம்பத்தை முன்கூட்டியே சொல்லும் வித்தை என்று நினைக்கிறார்கள். சிலர் மீத்தேன் எடுக்கப் போகிறார்களோ என்று மிரள்கிறார்கள். கட்டட வேலைக்கு நாங்கள் செய்வது மிக எளியது. தரையில் இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் அடிப்போம். வரிசையாக நட்ட ஜியோபோன்களுக்கு (நில அதிர்வை உணரும் சிறு கருவிகள்) அந்த அதிர்வு எத்தனை மில்லி வினாடியில் வந்து சேர்கிறது என்று பார்த்து, மண் எதுவரை, பாறை எங்கே என்று கணக்கிடுவோம்.

தொலைபேசியில் அழைப்பவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் “மீட்டருக்கு என்ன ரேட்?” என்கிறார்கள். பூமிக்குள் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்யாமல் ரேட் கேட்பதில் பயனில்லை. முறையே அதைப் பொறுத்துத்தான் மாறும்.

பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் கீழே இருப்பது சார்னோக்கைட் என்ற கடினமான பாறை. இந்தப் பாறை சீராகச் சிதைவதில்லை. வெடிப்புகள் வழியே நீர் இறங்கி, சுற்றிலும் மண்ணாக்கி, நடுவில் பெரிய உருண்டைகளை அப்படியே விட்டுவிடும். துளை போடும்போது அப்படியோர் உருண்டையில் முட்டினால் ‘பாறை வந்துவிட்டது’ என்று குறித்துவிடும் ஆபத்து உண்டு. சற்றுத் தள்ளிப் பைல் (அடித்தளத் தூண்) இறக்கும்போதுதான் வம்பு தெரியும். துளைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று காட்ட இங்கே ஒளிவிலகல்போல, பாறையில் வளைந்து மேலே திரும்பும் அலையின் நேரத்தை அளக்கும் அலைவிலகல் முறை நன்றாக உதவும். திடமான பாறையில் அலை நொடிக்கு 4,000 மீட்டருக்கு மேல் பாயும், மேல்மண்ணில் 1,000 மீட்டரைக்கூடத் தொடாது.

அதே முறையைப் பள்ளிக்கரணை, பெருங்குடிப் பக்கம் கொண்டுபோனால் ஏமாற்றும். நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால், நீரில் ஊறிய மண் களியாக இருந்தாலும் மணலாக இருந்தாலும் முதலில் வந்து சேரும் அலையின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் என்றே வரும். போதாக்குறைக்கு, சதுப்பில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கிய மனைகள் இங்கே ஏராளம். மேலே கெட்டி, கீழே களி. வேகம் குறைந்த அடுக்கு கீழே இருந்தால் அலைவிலகல் முறைக்கு அது தெரியவே தெரியாது. இங்கே மேற்பரப்பு அலைகளை அளந்து குறுக்கலை (மண்ணைப் பக்கவாட்டில் அசைத்தபடி செல்லும் அலை) வேகம் காணும் ‘மாஸ்வ்’ (MASW) முறையைத்தான் கேட்க வேண்டும். அதற்குத் தாழ்ந்த அதிர்வெண்ணையும் பிடிக்கும் 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன்கள் வேண்டும். கட்டடங்களுக்கான இந்திய நிலநடுக்கத் தரநிலையின் 2002 திருத்தத்தில் சென்னை மூன்றாம் (மிதமான ஆபத்துள்ள) நிலநடுக்க மண்டலத்துக்கு வந்ததால், கட்டமைப்புப் பொறியாளருக்கும் இந்தக் குறுக்கலை வேகம் பயன்படும்.

அடுத்தது இடம். அலைவிலகல் முறையில் 20 மீட்டர் ஆழம் பார்க்க, அதைப்போல் நான்கைந்து மடங்கு நீளத்துக்குக் கோடு போட வேண்டும். இரண்டு கிரவுண்டு மனையில் எங்கே போவது? “இங்கே இது சரிவராது, துளைக்குள் கருவி இறக்கிப் பார்க்கலாம்” என்று சொல்லி வேலையை இழக்கத் துணிகிற ஒப்பந்ததாரரை நான் நம்புவேன். பழைய மகாபலிபுரம் சாலையோரம் என்றால் வாகன அதிர்வு அடங்கும் இரவு நேரத்தையும், அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டிச் சொல்வதையும் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

கொட்டேஷன்களை ஒப்பிடும்போது கடைசித் தொகைக்கு முன் ஒரு வரியைப் பாருங்கள்: ஒரு கோட்டுக்கு எத்தனை இடத்தில் அடிப்பார்கள்? ஒரே முனையில் அடித்துவிட்டுப் போனால் பாறை சரிந்திருக்கிறதா என்று பிரித்தறிய முடியாது. இரு முனை, நடு, கோட்டுக்கு வெளியே இருபுறம் என்று குறைந்தது ஐந்து இடமாவது வேண்டும். பாதி விலைக்கு வருபவர் பெரும்பாலும் கை வைப்பது இங்கேதான். கருவி சொந்தமா வாடகையா என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. தரவை அலசப் போகிறவர் களத்துக்கு வருவாரா என்பதே முக்கியம்.

ஓர் உபாயமும் சொல்கிறேன். உங்களிடம் மூன்று துளைகளின் மண் பரிசோதனை முடிவு இருந்தால் இரண்டை மட்டும் முதலில் கொடுங்கள். மூன்றாவதை அவர்கள் வரைபடம் வந்த பிறகு ஒப்பிட்டு, கடைசித் தவணையை அதன் பிறகு தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

மூலப் பதிவுகள், ஜியோபோன் நட்ட இடங்களின் மட்டம், களக் குறிப்பேடு ஆகியவை அறிக்கையுடன் உங்கள் கைக்கு வர வேண்டும். வண்ணப்படம் மட்டும்தான் தருவோம் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். முடிவில் சந்தேகம் வந்தால், மூலப் பதிவு இருந்தால்தான் இன்னொருவர் அதை முதலிலிருந்து அலசிப் பார்க்க முடியும்.