நூல் பிடிச்சா தூரம் தெரியும், நேரத்துக்குக் காத்தைக் கேக்கோணும்

போன கிழமை வெள்ளவத்தையில அக்கா வீட்ட நிக்கேக்க மருமகன் தன்ர குளோபைத் தூக்கிக்கொண்டு வந்து "மாமா, இங்க இருந்து ரொறன்ரோ எவ்வளவு தூரம்?" எண்டு கேட்டான். அக்கான்ர தையல் பெட்டியில நூல் எடுத்து ஒரு நுனியைக் கொழும்பிலயும் மற்றதை ரொறன்ரோவிலயும் வச்சு இறுக்கிப் பிடிச்சன். சுவரில தொங்கிற மேப்பில கோடு கீறினா அரபிக்கடல், ஆபிரிக்கா, அத்திலாந்திக் எண்டு போகும், ஆனா இறுக்கின நூல் பாகிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யாவுக்கு மேலால ஏறி கிரீன்லாந்தைக் கடந்து இறங்குது, அவனால நம்பவே ஏலாமப் போச்சு. உருண்டையில ஆகக் கிட்டின வழி அதுதான், பெருவட்டம் எண்டு சொல்லுறது. நூலை அடிமட்டத்தில வச்சா 33 சென்ரிமீற்றர், குளோபின்ர சுற்றளவு 94, பூமிக்கு 40,000 கிலோமீற்றர். கணக்குப் பாத்தா கிட்டத்தட்ட 14,000 கிலோமீற்றர்.

"அப்ப பிளேன் மணிக்கு 900 கிலோமீற்றர் போகும் எண்டு பிரிச்சா நேரம் வந்திடும்தானே?" எண்டு கேட்டான்.

வராது. ஓடுபாதையில ஊர்ந்து போறது, மேல ஏறுறது, இறங்கிறது எண்டு அரை மணித்தியாலம் அப்பிடியே போகும். அதைவிடப் பெரிய விஷயம் காத்து. பிளேன் பறக்கிறது காத்துக்குள்ள, அந்தக் காத்தே நகர்ந்துகொண்டிருந்தா பிளேனையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும். சிலியின்ர சந்தியாகோவில இருந்து ஈஸ்டர் தீவு கிட்டத்தட்ட 3,750 கிலோமீற்றர், நடுவில வெறும் கடல். மேற்கால போகேக்க ஏறக்குறைய அஞ்சரை மணித்தியாலம், திரும்பி வரேக்க அஞ்சுகூட ஆகாது, ஏனெண்டா 10 கிலோமீற்றர் உயரத்தில ஜெட் ஸ்ட்ரீம் எண்ட வேகமான காத்தோட்டம் மேற்கில இருந்து கிழக்கு நோக்கி வீசுது. இப்பிடித் தனிச்சுக் கிடக்கிற இடத்தில இறங்கேலாமப் போனா ஒதுங்க வேற எயார்போட் இல்ல, அதால தீவுக்கு மேல வந்த பிறகும் ரெண்டு மணித்தியாலம் பறக்கக் காணுமான எரிபொருள் கையில இருக்கோணும் எண்டு சர்வதேச விதி இருக்கு.

பிளேன் மெதுவாப் போனா காத்து இன்னும் மோசமாத் தாக்கும். அதுக்கு எங்கட நாட்டிலயே ஒரு கதை இருக்கு, எனக்கு எப்ப நினைச்சாலும் புல்லரிக்கும். 1943 இல இருந்து 1945 வரை, யுத்த நேரம், காலிக்குப் பக்கத்தில கொக்கல வாவியில இருந்து அவுஸ்திரேலியாவின்ர பேர்த்துக்கு குவாண்டாஸ் எண்ட அவுஸ்திரேலிய விமானக் கொம்பனியின்ர கத்தலீனா கடல் விமானங்கள் பறந்தது. தூரம் சுமார் 5,600 கிலோமீற்றர், வேகம் மணிக்கு 200 அளவில, அப்ப 28 மணித்தியாலம். இதில மணிக்கு 30 கிலோமீற்றர் எதிர்க்காத்து அடிச்சா வேகம் 170, நேரம் 33 மணித்தியாலமா ஏறிடும், அதே காத்து 900 இல போற ஜெட்டுக்கு ஒரு கால் மணித்தியாலம்கூடத் தாமதம் இல்ல. பாரம் முழுக்க பெற்றோல் எண்டதால ஏத்தினது ஆகக் கூடினா மூண்டு பயணிகளும் 69 கிலோ தபாலும்தான். ஜப்பான்காரர் கண்ணில படாம ரேடியோவை மூடிவச்சுக்கொண்டு நட்சத்திரம் பாத்து வழி பிடிச்சவை, நடுவில சூரியன் ரெண்டு தரம் உதிக்கும். ஆக நீண்ட பயணம் 32 மணித்தியாலம் 9 நிமிஷம்.

மருமகன் ஒண்டும் கதைக்காம நூலைக் கொக்கலையில இருந்து பேர்த்துக்கு இழுத்து வச்சுப் பாத்தான். 13 சென்ரிமீற்றர்தான் வந்தது.