“எதுவும் வேண்டாம்” என்பவருக்கு வேண்டியிருக்கும் ஒன்று

“முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் சண்டை போடுவான் டாக்டர். இப்போது எதைச் சொன்னாலும் சரி சரி என்கிறான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.”

மகனை வெளியே உட்காரவைத்துவிட்டு ஒரு தாய் என்னிடம் சொன்னது இது. கத்துகிறான், பொருள்களை உடைக்கிறான், பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான் என்றெல்லாம் பெற்றோர் சொல்லிக் கேட்டுக் கேட்டு ஒரு மனநல மருத்துவரின் காது பழகிவிடும். பிள்ளை சண்டை போடவில்லை என்று வரும் புகார் அரிது. ஆனால் கஞ்சாவைப் பற்றி நான் கேட்ட புகார்களிலேயே கூர்மையானது அதுதான்.

மகன் உள்ளே வந்தான். வயது இருபத்து மூன்று, மூன்று ஆண்டுகளாக அநேகமாகத் தினமும் புகைக்கிறான். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மரியாதையாகப் பேசினான், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். “எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை டாக்டர். எல்லாரும் எதற்காக இப்படி ஓடுகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், ஓடுவதில் அர்த்தமில்லை என்று தெரிந்துவிட்டது. எனக்கு எதுவும் வேண்டாம்.” உண்மையைச் சொன்னால், காலையிலிருந்து பதினெட்டுப் பேரைப் பார்த்துக் களைத்திருந்த எனக்கு அந்த நிமிடம் அவன்மேல் கொஞ்சம் பொறாமையே வந்தது.

இப்படிப் பேசுபவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். “அடுத்த ஒரு மாதத்தில், அந்த நாள் எப்போது வரும் என்று நீ காத்திருக்கிற நாள் ஏதாவது இருக்கிறதா தம்பி?” கூரையைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். உண்மையாகவே தேடினான் என்றுதான் நினைக்கிறேன். “அப்படி ஒன்றும் இல்லை” என்றான். “சரி, இன்று இரவு?” என்று கேட்டதும் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, அடக்கப் பார்த்தும் அடங்கவில்லை. ஒன்பது மணிக்கு மொட்டைமாடி. எதுவும் வேண்டாம் என்றவனுக்கு அது மட்டும் வேண்டியிருந்தது.

கஞ்சா மனிதனின் பார்வையை மாற்றுகிறது என்றால், பலர் மனத்தில் தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரியும் ஒருவரின் உருவம்தான் எழுகிறது. அதுவும் நடக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு அறிவு கலங்குவதில்லை. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று மனம் போடும் நிறை மாறிவிடுகிறது. தராசு அப்படியே இருக்கிறது, படிக்கற்கள் மாறிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கும், பல சமயம் அவர்களுக்கே கூட, ஒன்றும் தெரிவதில்லை.

இது எப்படி நடக்கிறது? கஞ்சாவின் போதைக்குக் காரணமான டிஎச்சி என்ற வேதிப்பொருளை 1964-ல் மெக்கூலம், காவோனி என்ற இரண்டு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். டிஎச்சி மூளையில் போய் உட்காரும் இடங்களை, அதாவது வேதிச் செய்திகளை வாங்கிக்கொள்ளும் இடங்களை, ஏற்பிகள் என்கிறோம். அதே ஏற்பிகளில் போய் உட்காரும் பொருள் ஒன்று நம் மூளைக்குள்ளேயே இயல்பாகச் சுரக்கிறது என்பது 1992-ல் தெரியவந்தது. அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், நம் ‘ஆனந்தம்’தான். அந்தப் பெயர் பொருத்தமானதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஏனென்றால் அந்தப் பொருள் செய்யும் வேலை குதூகலப்படுத்துவது அல்ல, மட்டுப்படுத்துவது. மூளையில் ஒரு செய்தி அளவுக்கு மீறிப் போகும்போது, போதும், குறைத்துக்கொள் என்று அனுப்பியவனுக்கே திருப்பிச் சொல்லும் வேலை. தேவையான இடத்தில், தேவையான நொடியில் சுரந்து, உடனே சிதைந்தும் போகும்.

புகை வழியாக வரும் டிஎச்சிக்கு இந்த நிதானம் கிடையாது. எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், மணிக்கணக்கில் எழுந்திருக்காது. அந்த நேரத்தில் பாட்டு ஆழமாகக் கேட்கிறது, சுவரில் படிந்த ஈரக்கறை கூட ஏதோ சொல்கிறது. தினமும் இது நடந்தால் மூளை தன் பங்குக்கு ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு புகைக்காத நேரத்தில் பாட்டு வெறும் பாட்டு, நண்பனின் கல்யாணம் வெறும் அலைச்சல், தேர்வு முடிவு வெறும் காகிதம். உலகம் சலித்துப்போனதாக அவர் நினைத்துக்கொள்கிறார். சலித்தது உலகமல்ல.

ஒரு முறை, முப்பது வயதை ஒட்டிய ஒருவர் தடிமனான நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். போதையில் இருக்கும்போது தோன்றும் கருத்துகளை எழுதிவைத்திருக்கிறார். நான் படித்தால் அவருடைய மனநிலை புரியும், புகைப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன் என்பது அவர் கணக்கு. வாங்கிப் படித்தேன். முதல் பக்கங்களில் முழு வாக்கியங்கள் இருந்தன, சில நன்றாகவே இருந்தன. போகப்போக எழுத்து பெரிதாகி, வரிக்கு மூன்று சொல், நான்கு சொல். ஒரு பக்கத்தின் நடுவில், இரண்டு முறை அடிக்கோடிட்டு, “கதவு என்பது சுவரின் சந்தேகம்” என்று எழுதியிருந்தது. இதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். நோட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, “அன்றைக்கு இது எல்லாவற்றுக்கும் பதிலாக இருந்தது டாக்டர்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பொருளே இல்லாவிட்டாலும் ‘பொருள் கிடைத்துவிட்டது’ என்ற உணர்வு மட்டும் தனியாக வரக்கூடும் என்பதை, எந்தப் பாடப்புத்தகத்தையும் விட அந்தப் பக்கம்தான் எனக்குத் தெளிவாகக் காட்டியது.

இதைத்தான் பலர் ஞானம் என்றும் பக்குவம் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். பற்றில்லாமல் இருக்கிறேன் என்கிறார்கள். நம் மொழியில் பற்றறுத்தலுக்கு இருக்கும் மதிப்பு, இந்த இடத்தில் கஞ்சாவுக்கு ஒரு நல்ல சட்டை தைத்துக் கொடுத்துவிடுகிறது. பற்றை விட்டவருக்கு வலி தெரியும், தெரிந்தும் விடுகிறார். மரத்துப்போன காலுக்கு முள் குத்தியது தெரியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க மருத்துவரே தேவையில்லை. பொட்டலம் கிடைக்காத ஒரு நாளில் அந்தப் பற்றற்றவர் எப்படி இருக்கிறார் என்று வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் போதும்.

இன்னொன்று, காலம். 1845-லேயே மொரோ என்ற பிரெஞ்சு மருத்துவர், கஞ்சாவிலிருந்து எடுக்கும் ஹஷீஷைத் தானே உட்கொண்டு பார்த்து, நேரம் இழுபட்டு நீள்வதைப் பதிவு செய்திருக்கிறார். ஐந்து நிமிடம் அரை மணி நேரமாகத் தெரியும். அந்த இரவுக்கு அது வேடிக்கை. ஆனால் நிகழ்கணம் இவ்வளவு பெரிதாக வீங்கும்போது நாளை என்பது சுருங்கிப்போகிறது. கூடவே, புதிதாக ஒன்றை நினைவில் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் டிஎச்சி கைவைக்கிறது. நேற்று முடிவெடுத்ததன் நூல் இன்று காலையில் கைக்கு அகப்படாவிட்டால், திட்டம் என்று ஒன்றை எங்கே கட்டுவது? நான் பார்த்த பலர் ஆசைகளை விட்டவர்கள் அல்ல. வெளிநாட்டுப் படிப்பு, சொந்தத் தொழில் என்று நிறையவே சொல்வார்கள். ஆனால் மூன்று வருகைகளிலும் அதே ஆசை, அதே சொற்களில், ஒரு அடி கூட நகராமல் இருக்கும்.

இந்தச் சோம்பலுக்கு ஆராய்ச்சியாளர்கள் 1968-லேயே ‘ஊக்கமிழப்பு நோய்க்குறி’ என்ற பொருள்படும் பெயர் ஒன்றைச் சூட்டினார்கள். பெயர் வைத்துவிட்டதாலேயே விஷயம் முடிந்துவிடவில்லை. எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருப்பவர், அதை மறக்கப் புகைக்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது ஊக்கம் போனது முதலில், கஞ்சா வந்தது பிறகு. எப்போதோ ஒரு முறை புகைத்துவிட்டு எந்த மாற்றமும் இல்லாமல் வாழ்பவர்களும் இருக்கிறார்கள். பயன்படுத்துவோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அதைச் சார்ந்துவிடுகிறார், பதின்ம வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு இழுப்பில் வாழ்க்கை நாசம் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்வதை நான் ஆதரிப்பதில்லை. இழுத்துப் பார்த்து, நாசமாகாததைக் கண்ட பிள்ளை அதற்குப் பிறகு நாம் சொல்லும் உண்மையையும் நம்பாது.

இனி, படிக்கற்கள் மறுபக்கம் மாறும் கதை. எல்லாமே நிறை இழப்பதற்குப் பதிலாக, எதற்கும் இல்லாத நிறை வந்துவிடுவது. ஒரு கல்லூரி மாணவி, வீட்டைக் கடக்கும் பைக்குகள் எத்தனை முறை ஹார்ன் அடிக்கின்றன என்று எண்ணத் தொடங்கினாள். இரண்டு முறை அடித்தால் எச்சரிக்கை, மூன்று முறை அடித்தால் இன்றைக்கு வெளியே போகக் கூடாது. ஆரம்பத்தில் போதையில் மட்டும் வந்த எண்ணம் அது. ஒரு கட்டத்தில் போதை இறங்கிய பிறகும் இறங்கவில்லை. இதை உளப்பிறழ்வு என்கிறோம். நோட்டுக்காரருக்கு வந்த “பொருள் கிடைத்துவிட்டது” என்ற அதே உணர்வுதான், இங்கே பயத்தோடு வருகிறது.

ஸ்வீடனில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1987-ல் வெளிவந்தது. பதினெட்டு வயதுக்குள் ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு, மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. வேறு காரணங்களைக் கழித்துப் பார்த்தால் இந்த மடங்கு குறைகிறது, மறைந்துவிடுவதில்லை. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் ஆபத்து கூடுதல். “அந்தக் காலத்திலும்தான் புகைத்தார்கள்” என்பவர்களுக்கு ஒரு கணக்கு: அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவில் டிஎச்சி 1995-ல் சராசரியாக 4 சதவீதம், 2014-ல் 12 சதவீதம். பெயர்தான் பழையது.

மூலிகைதானே, இயற்கையானதுதானே என்ற வாதத்துக்கு நான் அதிக நேரம் செலவிடுவதில்லை. அரளி விதையும் இயற்கையானதுதான். மருந்தாகப் பயன்படுகிறதே என்பது உண்மை. கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத ‘கன்னாபிடையால்’ என்ற பொருள் சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து. அளந்து கொடுக்கும் மருந்தைக் காட்டி, யார் விற்றார் என்றே தெரியாத பொட்டலத்தை நியாயப்படுத்த முடியாது.

நிறுத்தும்போது நடப்பதைத்தான் குடும்பங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். கஞ்சாவை விட்டால் உடல் ஒன்றும் செய்யாது என்று மருத்துவர்களே நெடுங்காலம் நினைத்திருந்தோம். 2013-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டில் கஞ்சாவுக்கான விலகல் அறிகுறிகள் தனி இடம் பெற்றன. விட்ட ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை தொடங்கும். முதல் வாரத்தில் உச்சம், பிறகு இரண்டு மூன்று வாரங்களில் தணியும். இத்தனை நாள் அமுங்கிக் கிடந்த கனவுகள் சினிமா போலத் துல்லியமாக வந்து எழுப்பும், இது இன்னும் சில நாள் நீளலாம்.

அந்த முதல் வாரத்தில் புகைத்தவர் தன்னைப் பற்றி ஒரு தவறான முடிவுக்கு வருகிறார். “பார்த்தீர்களா, இதுதான் நான். இயல்பிலேயே சிடுமூஞ்சி, தூக்கம் வராதவன். கஞ்சாதான் என்னை மனிதனாக வைத்திருந்தது.” வீட்டில் இருப்பவர்களும் அதையே உறுதிப்படுத்திவிடுகிறார்கள். “இதற்கு நீ புகைத்துக்கொண்டே இருந்திருக்கலாம்” என்று ஒரு தந்தை சொன்ன அன்றே மகன் மறுபடியும் தொடங்கிவிட்டான். அது அவனுடைய இயல்பு அல்ல, மூளை தன்னைச் சரிசெய்துகொள்ளும் சத்தம். குறைந்துபோன ஏற்பிகள் ஏறத்தாழ நான்கு வாரத்தில் பழைய அளவை நெருங்குவதை மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் ஆறு வாரம் தாண்டும் முன் உன்னைப் பற்றி எந்தத் தீர்ப்பும் எழுதாதே என்று சொல்லி அனுப்புகிறேன். சிறுநீர்ப் பரிசோதனை அட்டையை வாங்கிவைத்துக்கொண்டு தினமும் மிரட்டும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: டிஎச்சியின் எச்சம் கொழுப்பில் தங்குகிறது, தினமும் புகைத்தவருக்கு நிறுத்தி மூன்று நான்கு வாரம் கழித்தும் தெரியலாம். உண்மையிலேயே விட்டவனைப் பொய்யன் ஆக்கிவிடாதீர்கள்.

கஞ்சாப் பழக்கத்தை விடுவிக்கவென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை. தொடர்ந்த ஆலோசனை, புகைக்கத் தூண்டும் நேரத்தையும் இடத்தையும் மாற்றியமைப்பது, மனச்சோர்வு அடியில் இருந்தால் அதற்குச் சிகிச்சை. இதுதான் வழி, கொஞ்சம் மெதுவான வழி. ஆனால் காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள், நாலைந்து நாளாகத் தூக்கமே இல்லை என்றால் ஆறு வாரமெல்லாம் காத்திருக்காமல் அன்றே அழைத்து வாருங்கள். அந்த மாணவியை வீட்டில் நான்கு மாதம் ‘பரீட்சைப் பயம்’ என்று வைத்திருந்தார்கள். சிகிச்சைக்குப் பிறகு இப்போது நலமாக இருக்கிறாள், ஆனால் மருந்து தொடர்கிறது, ஓர் ஆண்டுப் படிப்பு போய்விட்டது.

முதலில் சொன்ன இளைஞன் இரண்டு முறை நிறுத்தித் தோற்றான். மூன்றாவது முயற்சியில் ஐந்தாம் வாரம் வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. “போர் அடிக்கிறது டாக்டர். மாலை ஆனால் என்ன செய்வதென்றே தெரியவில்லை. அம்மாவோடு வேறு சண்டை.” எதற்குச் சண்டை என்றேன். தங்கையின் கல்லூரியைப் பற்றி, அவன் சொன்னதை வீட்டில் யாரும் கேட்கவில்லையாம். பத்து நிமிடம் அதையே, குரலை உயர்த்திப் பேசினான். வெளியே உட்கார்ந்திருந்த தாய்க்கும் கேட்டிருக்கும்.

அடுத்த சந்திப்பை வியாழக்கிழமை என்று எழுதிக் கொடுத்தேன். சீட்டைப் பார்த்துவிட்டு, வியாழன் வேண்டாம், வெள்ளி போட்டுக்கொள்ளலாமா என்றான். வியாழக்கிழமை அவனுக்கு வேலை இருக்கிறதாம்.