கேஸ் நாற்றம் எதுவும் வரவில்லையே, டாக்டர்!

மார்கழி, தை மாதங்களில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஈரத் தலையோடு தூக்கி வரப்படுபவர்கள் உண்டு. குளிக்கப் போனவர் வெகுநேரமாக வெளியே வரவில்லை, தட்டிப் பார்த்துவிட்டுக் கதவை உடைத்தோம், தரையில் கிடந்தார் என்பார்கள். வழுக்கி விழுந்திருப்பார் என்பார் ஒருவர். வலிப்பு என்பார் இன்னொருவர். காலையிலிருந்து சாப்பிடாததால் வந்த மயக்கம் என்று மாமியார் சொல்வார். குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில் வரும்: "இருக்கிறது. ஆனால் கேஸ் நாற்றம் எதுவும் வரவில்லையே, டாக்டர்!"

வராது. நாற்றம் வருவது கசிகிற கேஸில்தான். எல்.பி.ஜி.க்கும் இயற்கை எரிவாயுவுக்கும் சொந்த மணம் கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று மெர்கேப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்து அனுப்புகிறார்கள். கேஸ் எரியும்போது அதுவும் சேர்ந்து எரிந்துவிடும். எரிவதற்குக் காற்று போதாதபோது உண்டாகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண் எரியாது, இருமலும் வராது. குழாயில் கசிவே இல்லாத, நேற்றுதான் சர்வீஸ் செய்த கீசர்கூட அடைத்த அறையில் ஆளைக் கொல்லும். கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டு "கசிவு இல்லை" என்று சொன்னதை நம்பி நிம்மதியாக இருந்த வீடுகளை நான் அறிவேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் எளிது. நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தருகிற கீசர், சமையலறை அடுப்பின் நான்கைந்து பெரிய பர்னர்களை ஒன்றாக எரித்தால் எவ்வளவு கேஸ் செலவாகுமோ அவ்வளவை எரிக்கிறது. ஒரு கிலோ எல்.பி.ஜி. முழுமையாக எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று வேண்டும். நம் அடுக்குமாடி வீடுகளின் குளியலறை 5 அடிக்கு 6 அடி, உயரம் 8 அடி. அதில் அடங்கும் காற்றே 7 கன மீட்டருக்குள்தான். பத்து நிமிடக் குளியலுக்கு ஏறத்தாழ 2 கன மீட்டர் காற்றை கீசர் எடுத்துக்கொள்கிறது. முன்பெல்லாம் குளியலறை ஜன்னலில் சரிவான கண்ணாடிப் பட்டைகள் இருந்தன, இடைவெளியில் காற்று வந்துபோகும். இப்போது வீட்டைப் புதுப்பிக்கும்போது அவற்றை எடுத்துவிட்டு இறுக மூடும் ஜன்னல் போடுகிறோம். பழைய ஜன்னல் மிஞ்சிய வீட்டில் குளிர் வருகிறது, கொசு வருகிறது என்று அட்டை வைத்து அடைக்கிறோம். அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய, அதே தீயிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு பலமடங்கு கூடுகிறது.

இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்சைடு அதனோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவர் மாதிரி, எளிதில் எழுந்திருக்காது. மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் குறைகிறது. தலை பாரமாகிறது, கால் துவள்கிறது, புத்தி மழுங்குகிறது. தாழ்ப்பாள் கையெட்டும் தூரத்தில் இருந்தும் திறக்க முடியாமல் போவது இதனால்தான். கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. தாய் தெளிந்துவிட்டாலும் வயிற்றிலிருக்கும் குழந்தையின் இரத்தத்திலிருந்து அந்த வாயு வெளியேற அதிக நேரமாகும்.

கேஸ் கீசர் குளியலறைக்குள் இருக்கவே கூடாது என்பது என் கட்சி. கீசரைப் பின்பக்க பால்கனியிலோ காற்றோட்டமான வெளிச்சுவரிலோ மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். வாடகை வீடு, ஓனர் சம்மதிக்கவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் வாளியில் பிடித்துக் குளிப்பவர்கள்தானே? கதவைத் திறந்து வைத்து வாளி நிறையப் பிடித்து, கீசரை அணைத்துவிட்டுச் சில நிமிடம் கழித்து உள்ளே போங்கள். ஒருவர் பின் ஒருவராக நான்கு பேர் குளிக்கிற வீட்டில் நான்காவது ஆளுக்குத்தான் ஆபத்து அதிகம். பெரும்பாலும் அது சமையலை முடித்துவிட்டுக் கடைசியாகக் குளிக்கப் போகும் வீட்டுப் பெண்ணாக இருக்கிறார்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கதை வேறு. இரவுக் குளிருக்கு இரும்புச் சட்டியில் கரியை மூட்டி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். வெளியே வாட்டிச் சாப்பிட்டு முடித்த அடுப்பை, சூடு வீணாகிறதே என்று அறைக்குள் இழுத்து வைக்கும் சுற்றுலாப் பயணிகளும் உண்டு. புகை அடங்கிவிட்டது, கங்கு மட்டும்தானே என்பது அவர்கள் வாதம். சிவந்து கனலும் கங்குதான் கார்பன் மோனாக்சைடை அள்ளித் தருவது. புகை இருந்தாலாவது இருமி எழுந்திருப்பார்கள். தூக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி தெரியாது. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டி, அடைத்த அறையில் கங்கு வைத்துச் சாம்பிராணி போடும் வழக்கத்தையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன், பாட்டிமார்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. புயல் வந்து மின்சாரம் போனால் மழையில் நனையாமல் இருக்க ஜெனரேட்டரை வராண்டாவிலோ மாடிப்படி அடியிலோ வைப்பதும் இதே ஆபத்துதான். ஜன்னல், கதவு எதற்கும் அருகில் இல்லாமல் திறந்தவெளியில் வைக்க இடமில்லையென்றால் அன்றிரவு மெழுகுவத்தி போதும். காரை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி.யில் தூங்கும் டிரைவர்கள் இறந்தால் "ஏ.சி. வாயு கசிந்தது" என்று செய்தி வருகிறது. பெரும்பாலும் குற்றவாளி சைலன்சர் புகை.

கசிவைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது, ஆனால் ஒன்று புதிது. கோவை, சென்னை உள்ளிட்ட நகரங்களில் குழாய் வழியே இயற்கை எரிவாயு வரத் தொடங்கியிருக்கிறது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படரும், சிங்க் அடியிலும் கட்டிலுக்குக் கீழும் தேங்கும். குழாயில் வருவது மீத்தேன், காற்றைவிட இலேசானது, கூரைக்குக் கீழே சேரும். ஆகவே எல்.பி.ஜி.க்கு வாங்கிய கசிவு எச்சரிக்கைக் கருவியைத் தரையருகே பொருத்தியிருந்தால், இணைப்பு மாறியபின் அது அங்கே வீண். மீத்தேனை உணரும் கருவி வேண்டும், அது கூரையை ஒட்டி இருக்க வேண்டும். நாற்றம் வந்தால் செய்ய வேண்டியது இரண்டுக்கும் ஒன்றே: ரெகுலேட்டரையோ குழாய் வால்வையோ மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எல்லோரும் வெளியே போங்கள், வெளியே போன பிறகு போன் செய்யுங்கள். எல்.பி.ஜி. கசிவுக்கு 1906. ஸ்விட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்; எக்ஸாஸ்ட் ஃபேனும் அதில் அடக்கம். பிரிட்ஜ் தானாகவே ஓடி நிற்கும், அதற்குள்ளும் பொறி பறக்கும் என்பதை யாரும் நினைப்பதில்லை. மெயின் ஸ்விட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அங்கிருந்து நிறுத்துங்கள்.

இந்தக் கசிவு எச்சரிக்கைக் கருவிகள் கார்பன் மோனாக்சைடை உணர்வதற்கானவை அல்ல. அதற்குத் தனி அலாரம் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில், எரிபொருள் எரிக்கும் சாதனம் உள்ள வீடுகளில் படுக்கையறைப் பக்கத்தில் அது சட்டப்படி கட்டாயம். இங்கே கட்டாயமில்லை, ஆனால் இணையத்தில் கிடைக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வரும்போது சாக்லேட்டோடு அதையும் வாங்கிவரச் சொல்லலாம். அதன் சென்சாருக்கு ஆயுள் உண்டு, பின்புறம் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் நஞ்சு இன்னும் ஏமாற்றும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று மூன்று பேர் ஒன்றாக வருவார்கள், நேற்று வாங்கிய பரோட்டாவின் மேல் பழி போடுவார்கள். காய்ச்சல் இல்லை, வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்கிறது, வெளியே போனால் சரியாகிறது, திரும்பினால் மறுபடி வருகிறது என்றால் என் சந்தேகம் பரோட்டாவிலிருந்து அடுப்புக்கு நகரும். அடுப்பின் நீலத் தீ மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறதா என்று கேட்பேன்.

யாராவது விழுந்து கிடந்தால் கீசரை நிறுத்தி, அவரைத் திறந்தவெளிக்கு இழுத்து வந்து 108-ஐ அழையுங்கள். மயங்கியவர் வாயில் சோடாவோ எலுமிச்சைச் சாறோ ஊற்ற வேண்டாம். தூக்கப் போனவரும் மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளேயே நிற்கக் கூடாது. ஆம்புலன்ஸ் ஊழியரிடமும் டாக்டரிடமும் முதல் வாக்கியமாக "கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது" அல்லது "அறையில் கரி இருந்தது" என்று சொல்லிவிடுங்கள். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் வாங்கி வைத்த விரல் ஆக்சிமீட்டர் இங்கே பொய் சொல்லும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினை அது ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணி 98, 99 என்று காட்டும். அதைப் பார்த்து ஆக்சிஜன் தேவையில்லை என்று முடிவுசெய்துவிடும் அபாயம் மருத்துவமனையிலும் உண்டு. உண்மை அளவு தெரிய, கார்பாக்சிஹீமோகுளோபினை, அதாவது கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினை, தனியே காட்டும் இரத்தப் பரிசோதனை வேண்டும். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள நஞ்சு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரமாகும். முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் அது நடக்கும்.

தெளிந்து எழுந்தவர் வீட்டுக்குப் போகத் துடிப்பார். போகட்டும், ஆனால் அடுத்த சில வாரங்களுக்குக் குடும்பத்தார் அவரைக் கவனிக்க வேண்டும். சிலருக்கு நாட்கள் கழித்து மறதி, நடையில் தள்ளாட்டம், காரணமில்லாத எரிச்சல், பேச்சில் குழப்பம் தலைகாட்டும். அப்போது நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். குளியலறையில் விழுந்த நாளையும் இன்றைய மறதியையும் இணைக்க அவருக்கு வேறு வழி இருக்காது.