குருவி அடங்கட்டும் என்று வாசலில் நிற்காதீர்கள்

இந்த ஐப்பசியில் மின்னல் பட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததில் இவர் மூன்றாவது ஆள். தோட்டத்து லய வீட்டு வாசலில் நின்று, தும்பி தாழப் பறப்பதைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர். மழை ஒரு துளிகூட விழவில்லை. பக்கத்து யூகலிப்டஸில் விழுந்த மின்னல் தரை வழியாக வந்து ஆளைச் சாய்த்துவிட்டது. கூட வந்த மாமா சொன்னார்: "குருவியெல்லாம் பறந்துகிட்டுத்தான் இருந்துச்சுங்க டாக்டரம்மா. அடங்குனா உள்ள போவோம்னு நின்னோம்."

இந்தக் கணக்கைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. எறும்பு முட்டையோடு மேடேறினால் மழை, ஈசல் கிளம்பினால் மழை என்பார்கள். இருக்கட்டும், நானும் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் நின்று பார்ப்பவள்தான். மேகம் கறுத்தால் தகைவிலான் குருவி தேயிலைச் செடியை உரசிக்கொண்டு பறக்கும். பூச்சி கீழே இறங்கியிருக்கும், அதனால் குருவியும் இறங்கும். அவ்வளவுதான். இரை தேடி வந்த குருவியை நீங்கள் காவல்காரனாக்கிவிட்டீர்கள். மின்னல் எங்கே விழும் என்று அதற்கு என்ன தெரியும்? மழை எதிர்மலையில் இருக்கும்போதே, பத்துக் கிலோமீற்றர் தள்ளிக்கூட மின்னல் விழும். இடி காதில் கேட்டால் நீங்கள் அதன் எல்லைக்குள் நிற்கிறீர்கள். குருவி பறந்தாலும் ஒன்றுதான், அடங்கினாலும் ஒன்றுதான்.

ஒக்டோபர், நவம்பரில் காலை வெயிலை நம்பாதீர்கள், மத்தியானத்துக்கு மேல் இடிக்கும். மார்ச், ஏப்ரலிலும் இதே கதை. முதல் இடிக்கே வீட்டுக்குள் போங்கள். மரத்தடி வேண்டாம். நாலு பக்கமும் திறந்த, கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையும் வேண்டாம். பீலித் தண்ணீரில் குளிப்பதைப் பிறகு பார்க்கலாம். ஈசல் பிடிக்க ஓடும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் போகட்டும்.

இன்னொன்று. விழுந்தவரை யாரும் தொடவில்லையாம், "உடம்புல கரண்ட் இருக்கும்" என்ற பயம். இல்லை ஐயா, இல்லை! மின்னல் பட்ட உடம்பில் கரண்ட் தங்காது. தொடுங்கள். கரண்ட் இறங்கட்டும் என்று மண்ணில் புதைத்து நேரத்தைக் கொல்லாதீர்கள். 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் அம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் வேகமாக, அழுத்தமாக அமுக்குங்கள். பலர் ஒன்றாக விழுந்திருந்தால், செத்தவர் போலக் கிடப்பவரை முதலில் கவனிக்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பயிற்சி. மற்ற விபத்துகளில் இது தலைகீழ்.

இவருக்கு மூச்சு நிற்காததால் தப்பினார். ஒரு காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது. வீட்டுக்குப் போகும் நாளில் அந்த வீடியோவை எனக்குக் காட்டினார். 40 வினாடி. தும்பிகள் அழகாகத்தான் பறக்கின்றன. அதற்குள் மூன்று முறை இடி கேட்கிறது.