டேப்லாய்டு மஞ்சள் பத்திரிகை அல்ல

குன்னூரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் அக்கா மகள், பயிற்சி மையத்தில் கொடுத்த பொது அறிவுக் குறிப்பேட்டைப் போன வாரம் கொண்டுவந்து காட்டினாள். 'இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழ் 2018-இல் மஞ்சள் பத்திரிகையாக மாறியது' என்று அதில் அச்சாகியிருந்தது. "நல்ல பேப்பர்னு சொல்வீங்களே மாமா, அதுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

கார்டியனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆண்டு ஜனவரியில் தாளின் அளவைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். அந்தச் சிறிய அளவுக்கு ஆங்கிலத்தில் டேப்லாய்டு என்று பெயர். பரபரப்புப் பத்திரிகையையும் அதே சொல்லால்தான் குறிப்பார்கள். அதைப் பார்த்ததும், மொழிபெயர்த்தவரின் கை தானாக மஞ்சளுக்குப் போய்விட்டது. இதே தவறைத் தொலைக்காட்சி விவாதங்களிலும் கட்டுரைகளிலும் பல வருடமாகப் பார்க்கிறேன். ஒரு தேர்வுக் குறிப்பேட்டிலேயே வந்துவிட்ட பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

சொல்லின் பிறப்பு ஒரு மருந்துக்கடை விவகாரம். 1884-இல் லண்டனின் பரோஸ் வெல்கம் நிறுவனம், தான் அழுத்திச் செய்த மாத்திரைகளுக்கு வணிகப் பெயராக டேப்லாய்டு என்பதைப் பதிவு செய்தது. சுருக்கித் தரும் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1901 ஜனவரி 1 அன்று பிரிட்டிஷ் பத்திரிகை அதிபர் ஆல்பிரட் ஹார்ம்ஸ்வொர்த், நியூயார்க் வேர்ல்டு நாளிதழை ஒரே ஒரு நாள் பொறுப்பேற்று, சிறிய தாளில் சுருக்கச் செய்திகளோடு கொண்டுவந்தபோது அந்தச் சொல்லையே பயன்படுத்தினார். மாத்திரையிலிருந்து சுருக்கம், சுருக்கத்திலிருந்து சின்னத் தாள், அப்புறம் அந்தச் சின்னத் தாள்களில் பெருகிய பரபரப்பு நடை. பொருள் நகர்ந்த வழி இதுதான்.

மஞ்சளின் கதை வேறு. 1890-களில் நியூயார்க்கில் புலிட்சரின் வேர்ல்டும் ஹர்ஸ்டின் ஜர்னலும் வாசகரைப் பிடிக்கப் போட்டி போட்டன. மஞ்சள் அங்கி போட்ட ஒரு சிறுவனின் கேலிச்சித்திரத்துக்காகவும் இரண்டும் அடித்துக்கொண்டன. அந்த வசைப்பெயருக்கு வேர் அங்கே இருக்கிறது. கவனியுங்கள், அவை இரண்டும் பெரிய தாளில் வந்தவை. மஞ்சள் என்று முதலில் திட்டு வாங்கியவை டேப்லாய்டுகளே அல்ல!

தமிழில் மஞ்சள் பத்திரிகை என்பது இன்னும் கனமான சொல். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிவந்த 'இந்துநேசன்' ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் அந்த வழக்கில் சிறைக்குப் போய் 1947-இல்தான் விடுதலையானார்கள். ஆபாசம், அவதூறு, மிரட்டல் எல்லாம் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. அதைத் தூக்கி ஒரு தாளின் அளவுக்குச் சூட்டலாமா?

சரி, பரபரப்பாக எழுதும் பத்திரிகை என்ற பொருளிலாவது அளவும் நடையும் சேர்ந்தே வருகிறதா? அதுவும் இல்லை. ஜெர்மனியின் பில்ட், பரபரப்புக்குப் பேர்போன நாளிதழ். வந்ததென்னவோ பெரிய தாளில். அவ்வளவு தூரம் போக வேண்டாம், எங்கள் மலைக்கே வாருங்கள். காலையில் மேட்டுப்பாளையம் வழியாக மேலே வரும் நாளிதழ்கள் பெரும்பாலும் ஒரே பெரிய அளவுதான். கோத்தகிரிப் பக்கம் ஒரு கரடி கோயிலுக்குள் புகுந்து விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது என்று வையுங்கள். ஒரு தாள் 'கோயில் கதவை உடைத்தது கரடி. கூண்டு வைக்க மக்கள் கோரிக்கை' என்று போட்டு, வனத்துறை என்ன சொன்னது என்பதையும் எழுதும். இன்னொன்று 'நள்ளிரவில் கரடி அட்டகாசம்! பொதுமக்கள் அலறல்!' என்று போடும். பூட்டிய கோயிலில் நள்ளிரவில் அலற யார் இருந்தார்கள்? பச்சைத் தேயிலை விலை இறங்கிய செய்தி அதே தாளில் ஒன்பதாம் பக்க மூலையில் கிடக்கும். இரண்டும் ஒரே அளவுத் தாள். நிதானமும் அலறலும் எழுதுகிறவரின் கையில் இருக்கின்றன.

அதனால் ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். அளவைச் சொல்லும் இடத்தில் 'அரைத்தாள் இதழ்'. பெரிய தாளைப் பாதியாக்கினால் கிடைப்பது ஏறக்குறைய அந்த அளவுதான். போண்டா மடிக்க டீக்கடைக்காரர் தினமும் கிழிப்பது அரைத்தாள்தானே, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெரியதற்கு 'முழுத்தாள்' போதும். சிலர் 'அகலத்தாள்' என்கிறார்கள். அது பிராட்ஷீட் என்ற ஆங்கிலச் சொல்லின் தோலை உரித்துப் போர்த்தியது. அந்தத் தாள் அகலத்தைவிட உயரம் கூடியது. பெயரைக் கேட்பவருக்குக் கண்ணில் வருவது நேர்மாறான வடிவம். நடையைச் சொல்லும் இடத்தில் 'பரபரப்பு இதழ்'. மஞ்சள், அதற்கு உரியவர்களுக்கே இருக்கட்டும்.

தனித்தமிழ் ஆர்வலரான நண்பர் ஒருவர் 'வில்லையிதழ்' என்று முன்மொழிந்தார். மாத்திரைக்கு வில்லை, ஆகவே வில்லையிதழ். அவருடைய தமிழ்ப்பற்றை மதிக்கிறேன். ஆனால் ஆங்கிலேயருக்கே மறந்துபோன மாத்திரையை நாம் ஏன் விழுங்க வேண்டும்? 'சிற்றிதழ்' என்போரிடம் எனக்குக் கோபமே வருகிறது. நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு இலக்கியம் வளர்த்தவர்கள் உழைத்துப் பெற்ற பெயர் அது. 1959-இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பாவையும் லண்டனின் பரபரப்புத் தாள்களையும் ஒரே பெயரில் அடைப்பது அநியாயம்.

ஆங்கிலேயர்களே இந்தச் சிக்கலை உணர்ந்தவர்கள். டைம்ஸ் நாளிதழ் 2003-இல் சிறிய அளவிலும் வரத் தொடங்கியபோது, டேப்லாய்டு என்ற பெயரைத் தவிர்த்து 'காம்பேக்ட்' என்று சொல்லிக்கொண்டது. மூலமொழிக்காரரே பிரித்துப் பார்க்கும் இரண்டு பொருளை நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றாகக் குழைக்கிறார்கள். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். வாக்கியம் எதைப் பேசுகிறது, தாளையா எழுத்தையா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தால் போதும்.

குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, 'அரைத்தாள் அளவுக்கு மாறியது' என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். "விடைக்குறிப்புல மஞ்சள்னு இருந்தா எனக்கு மார்க் போயிடுமே மாமா" என்றாள். பயிற்சி மையத்துக்கு இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி, அவள் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.